மேலேயிருந்து தட்டினால்

வைக்கோல் ஏற்றிய பிக்கப்பின் உச்சியில் உட்கார்ந்து வருகிறவர் என்ன கத்தினாலும் கீழே ஓட்டுகிறவனுக்குக் கேட்காது. காற்று ஒரு பக்கம் இரையும், இன்ஜின் ஒரு பக்கம் இரையும். அதனால் எங்கள் மன்னார்குடிப் பக்கத்து வைக்கோல் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வழக்கம்தான். மேலே இருப்பவர் ஒரு தடியால் கேபின் கூரையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை.

என் வண்டிக்கு மேலாள் என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். நாற்பத்தைந்து வயது. ஒல்லியான உடம்பு, ஆனால் வைக்கோல் கட்டுகளை அடுக்கினால் மலைபோல் நிற்கும், ஒரு பக்கம் சாயாது. வைக்கோல் யாவாரிகள் லோடு சொல்லும்போதே "ஒங்க அத்தான் வர்றாரா?" என்று கேட்டுக்கொண்டுதான் சொல்வார்கள். மெத்தென்ற வைக்கோல் மேல் வெயிலில் ஆடிக்கொண்டே வந்தால் யாருக்கும் கண் சொக்கும். மேலே தூங்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அத்தான் ஒரு நாளும் தூங்கியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் உயிர் அந்த ஒரு தட்டில்தான் இருந்தது. நான் கதைக்காகச் சொல்லவில்லை. வயல்களுக்குப் போகும் மண்பாதைகளின் குறுக்கே கரண்டு கம்பி தாழ்ந்து தொங்கும் இடங்கள் உண்டு. லோடு ஏற்றி முடித்தால் வைக்கோலின் உச்சியும் கம்பியும் ஏறக்குறைய ஒரே உயரம். கம்பி நெருங்கும்போது அத்தான் ஒரு தட்டு தட்டுவார். நான் நிறுத்துவேன். அவர் நுனியில் கவை வைத்த காய்ந்த மூங்கிலால் கம்பியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு தட்டு தட்டுவார். நான் நத்தை மாதிரி நகர்த்துவேன். இப்படிச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். செய்யக் கூடாதுதான். செய்யாமல் எங்கள் பக்கத்தில் ஒரு கட்டு வைக்கோல் கூட ரோட்டுக்கு வராது.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். எல்லாம் அதனால் வந்ததுதான்.

வண்டி வாங்கியபோதே கூட ஒரு ஸ்டீரியோ வந்தது. கதவுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர். ஒரு மழைக்காலம் போனதும் இடது பக்கம் கரகரத்தது, அடுத்த மழைக்கு வலது பக்கமும் சேர்ந்துகொண்டது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் டீக்கடை என்று ஒன்று இருக்கிறதே. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன், என்னைப்போலவே பிக்கப் ஓட்டுபவன், தன் வண்டியில் பெரிய செட் மாட்டியிருந்தான். அவன் வந்தால் கடைப் பாட்டிலில் இருக்கும் முறுக்கு ஆடும். ஒரு நாள் என் வண்டிப் பக்கம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "என்னடா, கொசுவப் புடிச்சி உள்ள விட்டிருக்கியா?" என்றான். கடையே சிரித்தது. டீ போடுகிறவர் கூட வடிகட்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

எனக்கு ரோஷம் அதிகம். கோபம் மூக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் என்று அக்கா சொல்வாள். அந்த வாரமே தஞ்சாவூருக்கு வண்டியை விட்டேன்.

பைபாஸ் ஓரத்தில் ஒரு கார் ஆடியோ கடை. கடைக்காரர் பொறுமைசாலி, கெட்டிக்காரர். தன் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார், அவர்மேல் ஒரு குறையும் இல்லை. என் பழைய ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இத மட்டும் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. வண்டியே தகரம். நீங்க எவ்ளோ பெரிய ஸ்பீக்கர் போட்டாலும் தகரம் சேந்து அதிரும், வெளிச்சத்தம் பூரா உள்ள வரும். மொதல்ல வண்டிய ஊமையாக்கணும், அப்பறம்தான் பாட்டு பேசும்" என்றார்.

புதுச் செட்டு, கதவுகளுக்குப் புது ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஒரு ஊஃபர், அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபயர். இதெல்லாம் கூட எனக்குத் தெரிந்த சமாச்சாரம். தெரியாதது ஒரு கறுப்பு ஷீட்டு. ஒரு பக்கம் தார் மாதிரி ஒட்டும், மறுபக்கம் வெள்ளித்தாள். கதவுத் தோலை உரித்து உள்ளே ஒட்டினார்கள். தரையில் ஒட்டினார்கள். பிறகு கேபின் கூரையின் உள்துணியைக் கழற்றிவிட்டு, தகரத்தின் அடிவயிறு முழுக்க ஒட்டி, சின்ன உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்கள். இரண்டு பேர், முக்கால் நாள் வேலை.

வேலை முடிந்ததும் கடைக்காரர் என்னை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். வெளியே நின்று கூரையை மடக்கிய விரலால் தட்டினார். அவர் கை அசைவதைப் பார்த்தேன், சத்தம் 'தொப்'பென்று எங்கோ தலையணையில் விழுந்ததுபோல் இருந்தது. கண்ணாடியை இறக்கினேன். "பாத்தீங்களாண்ணே? முன்னாடி டங்குன்னு கேக்கும். இப்ப ஆனையே வந்து ஏறி நின்னாலும் ஒங்களுக்குத் தெரியாது" என்றார் பெருமையாக.

நானும் இறங்கி ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். எனக்குப் பரம சந்தோஷம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அத்தான் முகம் என் நினைவுக்கு வரவே இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கூரையில் விழும் சத்தத்தைக் கேட்டு வண்டி ஓட்டியவன், அது கேட்காமல் போனதற்குக் கைகொட்டாத குறையாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வெறும் வண்டியில் வயலுக்குப் போகும்போது அத்தான் கேபினில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாட்டைப் போட்டேன். அவர் சட்டைப் பையில் இருந்த தீப்பெட்டி அதிர்ந்தது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "யப்பா, ஒனக்குக் கிறுக்குத்தான் புடிச்சிருக்கு மாப்ள" என்று சிரித்தார். பிறகு அவரே, "அந்தப் பாட்ட இன்னொருக்கா போடு" என்றார்.

அன்று லோடு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது புளியமரத்து வளைவில் தாழ்ந்த கிளை ஒன்று. வழக்கமாக அங்கே நிறுத்துவோம். நான் நிறுத்தவில்லை. வளைவு தாண்டி நூறு அடி போனதும் வைக்கோல் கட்டு ஒன்று பின்னால் ரோட்டில் கிடப்பது கண்ணாடியில் தெரிந்தது. இறங்கிப் பார்த்தால் அத்தான் மேலே குப்புறப் படுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தலைத்துண்டு காணோம். நெற்றியில் கிளை கீறி ரத்தம் மூக்குவரை வடிந்திருந்தது.

"தட்டினேன் மாப்ள."

"கேக்கல."

"ரெண்டு தடவ தட்டினேன்."

"ரெண்டு தட்டுன்னா போன்னுதானே அத்தான் அர்த்தம்?" என்றேன். என் புத்தி அப்படி. தப்பு என்னுடையது என்று தெரிந்துவிட்டால் வாய் இன்னும் நீளும்.

அவர் ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "சத்தத்தக் கொஞ்சம் கொறச்சி வச்சிக்கயேன்" என்றார். "இல்லன்னா லோடு இருக்கும்போது மட்டும் நிறுத்திடு."

எனக்கும் உள்ளே ஆடித்தான் போயிருந்தது. அதனால் அங்கேயே ஒரு சோதனை செய்தோம். பாட்டை அணைத்துவிட்டு நான் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவர் மேலேயிருந்து தட்டினார். 'தொப்.' கேட்டது. இன்ஜினை ஓட விட்டு இன்னொரு முறை. கேட்டது. பாட்டைச் சன்னமாக வைத்து இன்னொரு முறை. லேசாக, ஆனால் கேட்டது. "பாத்தீங்களா, கேக்குதுல்ல? பழகிட்டா சரியாயிடும்" என்றேன். அவரும் தலையாட்டினார். அந்தச் சத்தத்தை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் கேட்டது. ஓட்டும்போது எவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறான்? இது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை.

இருந்தாலும் மனசு கேட்காமல் கடைக்காரருக்குப் போன் போட்டேன். கூரையில் ஒட்டியதை மட்டும் உரித்துவிட முடியுமா என்று கேட்டேன். "ஏண்ணே, நல்லாத்தானே இருக்கு? உரிச்சா பிசுபிசுன்னு பாதி ஒட்டிக்கும், பாக்கச் சகிக்காது" என்றார். மேலாள் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேறு வழி ஏதாவது சொல்லியிருப்பார். சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அத்தானிடம், "அவசரம்னா போன் பண்ணிடுங்க அத்தான், ஸ்பீக்கர்லயே மணி அடிக்கும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு கையில தட்டுற தடி, ஒரு கையில கவைக்கம்பு. போன எந்தக் கையால மாப்ள எடுக்குறது? வாயாலயா?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் மேலே ஏறுவதற்கு முன் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தார். கேபின் பக்கம் வந்து ஜன்னல் வழியாக என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். முன்பெல்லாம் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அது எரிச்சலாக இருக்கும். "என்ன, ஏறுங்க!" என்பேன்.

இரண்டு நாள் லோடு வண்டியில் பாட்டே போடவில்லை. மூன்றாம் நாள் சன்னமாக வைத்தேன். வாரம் ஓடியது. சத்தம் தானாக ஏறிக்கொண்டே போயிற்று, நான் திருகியதாகவே ஞாபகம் இல்லை. பழகிய கம்பி எங்கெங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியும், தட்டாமலே நிறுத்திவிடுவேன். ஒரு பயமும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வழக்கமான பாதையில் அது சரிதான்.

அன்று வழக்கமான பாதை இல்லை. மாசி மாதம், மதியம் மூன்று மணி இருக்கும். திருத்துறைப்பூண்டி ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு வயல். நாங்கள் அதுவரை லோடு எடுக்காத இடம். போகும்போது வெறும் வண்டி, அதனால் மேலே என்ன தொங்குகிறது என்று நான் கவனிக்கவில்லை. வயல்காரர் மோர் கொடுத்தார். கட்டுகளை ஏற்றிக் கயிறு இழுத்துக் கட்டினோம். அத்தான் வழக்கம்போல ஜன்னலில் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

இரண்டு பக்கமும் அறுவடை முடிந்து வெறும் தாள் நிற்கும் வயல். பாதை வளையாமல் நேராகப் போனது. அப்படிப்பட்ட பாதையில் பாட்டு நன்றாக இருக்கும். அன்று ஓடிய பாட்டில் மேளம் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்தது. தாளத்தோடு சேராமல் கூடுதலாக ஓர் அடி விழுவதுபோல் இருந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னும் நாலைந்து. அட, பழைய ஸ்பீக்கரில் இதெல்லாம் கேட்டதே இல்லையே, காசுக்குப் பழுதில்லை என்று நினைத்தேன். சத்தத்தை ஒரு புள்ளி கூட்டினேன்.

இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. சத்தத்தைக் கூட்டினேன்.

கொஞ்ச தூரத்தில் வரப்பில் மூன்று பெண்கள் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். என் வண்டியைப் பார்த்ததும் மூவரும் நிமிர்ந்தார்கள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். வாய் அசைந்தது. பாட்டைக் கேட்டுத்தான் ஆட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் ஒரு கையைத் தூக்கிக் காட்டினேன். அப்போது அவர்களில் ஒருத்தி குனிந்து மண்கட்டி ஒன்றை எடுத்து, என் முன்கண்ணாடியைப் பார்த்து வீசினாள். கண்ணாடி முழுக்க மண். எனக்கு வந்தது பார் கோபம்! பிரேக்கை மிதித்து, கதவைத் திறந்துகொண்டு, "ஏய், ஒனக்கு என்ன கொழுப்பா?" என்று கத்தியபடி குதித்தேன்.

அவள் எனக்குப் பின்னால் விரலை நீட்டினாள். முதலில் சூடுதான் கழுத்தில் பட்டது. திரும்பினால் வண்டியின் பின்பாதி முழுக்கத் தீ. படபடவென்று எரிகிற சத்தம். அவ்வளவு சத்தத்தோடு என் தலைக்குப் பின்னால் எரிந்துகொண்டு வந்திருக்கிறது. நான் பக்கக் கண்ணாடியைக்கூட ஒரு தரம் பார்க்கவில்லை.

மேலே பார்த்தேன். ஆள் இல்லை.

"அத்தான்! அத்தான்!" என்று கத்துகிறேன், திறந்த கதவு வழியாக வரும் பாட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தப் பெண் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யோவ், ஆளு அங்க குதிச்சிக் கெடக்காரு, நாங்க பாத்துக்கறோம்! நீ மொதல்ல வண்டியக் கொளத்துல எறக்கு! காத்து அடிக்குது, ஊரே போயிரும்!" எதிரே ஐம்பது அடியில் மாடு குளிப்பாட்டும் குளத்துச் சரிவு. அதற்கு அப்பால் கூரை வீடுகள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து குளத்தை நோக்கி விட்டேன். தீ மேலே இருக்கிறது, பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, எந்தப் பொத்தானை அமுக்கினால் நிற்கும் என்று மறந்துவிட்டது. கண்டபடி குத்தினேன். அடுத்த பாட்டுக்குப் போனது. முன்சக்கரம் தண்ணீரில் இறங்கி, சீட்டு நனைந்து, பேட்டரி மூழ்கிய பிறகுதான் நின்றது. நான் ஜன்னல் வழியாக வெளியே வந்து, சேற்றில் விழுந்து எழுந்து, வந்த பாதையில் திரும்பி ஓடினேன்.

அத்தான் பாதையோரம் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் தப்பான திசையில் மடங்கியிருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. பெண்கள் ஒரு ஈரப்புடவைத் துண்டை அவர் கைகள்மேல் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வண்டி போச்சா?" என்று கேட்டார்.

நடந்தது என்ன என்பதை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் துண்டு துண்டாகச் சொன்னார். கம்பி தெரிந்ததும் ஒரு தட்டு தட்டியிருக்கிறார். நான் நிற்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டியிருக்கிறார். கவைக்கம்பை வீசிவிட்டுக் குப்புறப் படுத்துவிட்டார். கம்பிகள் அவர் முதுகுக்கு மேலே போய்ப் பின்கட்டுகளில் மாட்டி, ஒன்றோடொன்று உரசிப் பொறி கொட்டியிருக்கிறது. காய்ந்த வைக்கோல், ஓடுகிற வண்டி, கேட்கவா வேண்டும். தடியால் கூரையை அடித்து அடித்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பிறகு, கயிற்றை அவிழ்த்துவிட்டால் எரிகிற கட்டுகள் கீழே விழுந்துவிடும், வண்டி பிழைக்கும் என்று முடிச்சைப் பிடித்து இழுத்திருக்கிறார். கயிறு எரிந்துகொண்டிருந்தது. கை அதில்தான் போனது. அவர் குதிக்க வேண்டிய நேரத்தில் குதிக்காமல் என் வண்டிக்காக முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அக்கா தலைவிரி கோலமாக வந்து சேர்ந்தாள். நான் வராந்தாவில் சேறு காய்ந்த உடம்போடு நின்று, அவளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையாக இரண்டு விதம், பொய்யாக நாலு விதம். அவள் கட்டில் பக்கம் போய், "எப்புடிங்க? நீங்க பாத்துத் தட்டுவீங்களே, எப்புடி?" என்று அழுதாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொன்னார். "கண்ணசந்துட்டேன்டி."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் மருந்துச் சீட்டோடு வெளியே போனதும் கட்டில் பக்கம் குனிந்தேன். "ஏன் அத்தான் அப்புடிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற?" என்றார் கண்ணை மூடிக்கொண்டே. "பாட்டுப் போட்டுக்கிட்டு ஓட்டினான்னு சொன்னா ஒங்கக்கா ஒன் வாசப்படி மிதிப்பாளா? அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. அவளுக்குப் பொறந்த வீடுன்னு ஒன்ன விட்டா யாரு இருக்கா? விடு."

நான் சொல்லிவிடுகிறேன் அத்தான் என்று அந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லியிருப்பான். எனக்கு வந்தது நிம்மதி. இடுப்பில் கட்டியிருந்த கல்லை யாரோ அவிழ்த்துவிட்டதுபோல் அவ்வளவு நிம்மதி. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

ஊர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் என்னை உட்கார வைத்து ஆறுதல் சொன்னார்கள். "பாவம், ஒன் வண்டி. அந்தாளு மேல படுத்துத் தூங்கியிருக்காரு பாரேன்" என்றார்கள். கொசு என்று கிண்டல் செய்தவனே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். லோடு சொல்லும் யாவாரி ஒருவர், "கை சரியானாலும் அவர இனிமே மேல ஏத்தாதீங்க, தூங்குற ஆளு ஆகாது" என்றார். ஒரு நாளும் தூங்காத மனுஷனை அப்படிச் சொன்னார். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

வண்டியின் பின்பகுதி கரிக்கட்டை. கேபின் மட்டும் தண்ணீருக்குள் போனதால் தப்பியது. பட்டறைக்குக் கொண்டுபோனேன். டிங்கர் வேலை செய்பவர் கேபின் மேல் ஏறி, கரியைத் துடைத்துவிட்டு, "இங்க வந்து பாருங்க" என்றார். ஏறிப் பார்த்தேன். ஓட்டுநர் சீட்டுக்கு நேர் மேலே, கூரைத் தகரத்தில் வட்ட வட்டமாகக் குழிகள். தடியின் அடிமுனை அளவு. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சில இடங்களில் பெயிண்ட் தெறித்திருந்தது. எண்ண ஆரம்பித்துப் பதினேழில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேலும் இருந்தன. என் தலைக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு சாண்தான் இடம்.

"என்னங்க இது, யாரோ வெறி புடிச்சி அடிச்ச மாதிரி இருக்கு?" என்றார் டிங்கர்.

"தேங்கா விழுந்துச்சி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "இத்தன தேங்காயா?"

"எடுத்துட்டு பெயிண்ட் அடிச்சிடுங்க" என்றேன். அன்று சாயந்தரமே தட்டி எடுத்துவிட்டார். அத்தான் தூங்கவில்லை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அதுதான். நான் பக்கத்திலேயே நின்று, கூரை சமமாகிறதா என்று கையால் தடவிப் பார்த்தேன்.

அத்தானை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். விரால் மீன் குழம்பு. எனக்கு இலை போட்டாள். அத்தான் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் வெள்ளைக் கட்டு. அக்கா அவருக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே திட்டினாள்.

"அவன் ஒத்தை ஆளா நின்னு சம்பாரிச்ச வண்டி. ஒரு நிமிஷத் தூக்கத்துல கரியாக்கிட்டீங்க. அவன் உள்ள இருந்தானே, அவனுக்கு ஒன்னு ஆயிருந்தா நான் எங்கங்க போவேன்? இந்த ஒரு மாசத்துல அவன் ஒரு வார்த்தை கேட்டிருப்பானா ஒங்கள? என் தம்பியா இருக்கக் கொண்டு சும்மா இருக்கான். நீங்களாவது ஒரு வார்த்தை சொன்னீங்களா அவன்கிட்ட?"

"அக்கா, விடுக்கா" என்றேன்.

"நீ சும்மா இருடா. சொல்லுங்க. மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் முத்து உதிந்துருமா?"

அத்தானின் வாயில் சோறு இருந்தது. மெதுவாக மென்றார். என்னைப் பார்த்தார். முன்பு ஜன்னல் வழியாகப் பார்ப்பாரே, அப்படியில்லை. நான் இப்போதாவது ஏதாவது சொல்வேனா என்று பார்ப்பது போலத்தான் எனக்குத் தோன்றியது. எதற்கெடுத்தாலும் சுள்ளென்று பேசுகிற நான், குனிந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் நிறைய நேரம் கொடுத்தார். பிறகு விழுங்கிவிட்டு, "மன்னிச்சுக்க மாப்ள" என்றார்.

"பரவால்லத்தான்" என்றேன்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் தம்பி மனசு யாருக்குடா வரும்" என்று சொல்லி, சட்டியில் இருந்த மீன் தலையை எடுத்து என் இலையில் வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.